நாங்கள் இல்லாத ஒரு வேளைச் சோறு

எங்களை வீட்டைவிட்டுத் துரத்தியது என் நாத்தனார்தான். "அண்ணி, நீங்க வீட்டுல இருக்கிற வரைக்கும் அவன் என் கையில வாங்க மாட்டானுங்க. அண்ணனக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வாங்க" என்றாள்.

எங்கள் பையனுக்கு இருபது வயது. பேச்சும் இல்லை, நடையும் இல்லை. ராகிக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, பருப்பில் தோய்த்து, கன்னத்தோரம் வைத்தால்தான் விழுங்குவான். அதுவும் என் கையால்தான். பெற்ற அப்பன் கொண்டுபோனால்கூட வாயைப் பூட்டிக்கொள்வான். நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பட்டினி கிடந்தானே ஒழிய, யாரிடமும் வாங்கவில்லை. பிடிவாதக்காரன், என் வயிற்றில் பிறந்தவன் வேறெப்படி இருப்பான்?

இவருக்கு இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகு, எங்களுக்கப்புறம் இவனுக்கு யார் என்ற பேச்சு எழுந்தது. சாமராஜநகரில் தனியாக இருக்கிற நாத்தனார், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். சொல்லிவிடலாம், அவன் உண்ண வேண்டுமே! ஒரு வேளை பார்த்துவிடுவோம், வாய் திறக்காவிட்டால் உடனே போன் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

விஜயநகர் வீட்டிலிருந்து கலைநிகழ்ச்சி பார்க்க ஸ்கூட்டரில் போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கடைசியாக எப்போது வெளியே போனோம் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. இவர் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பையனை விட்டுவிட்டுப் போகிறபோது இது வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திறந்தவெளி மேடையில் நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சி. கம்சாளெக்காரர்கள் வந்தார்கள். பித்தளைத் தாளத்தைச் சுழற்றிச் சுழற்றி அடித்து, எங்கள் சாமி மாதேஸ்வரன்மேல் பாடி ஆடுகிறவர்கள். ஹனூர்ப் பக்கத்து ஆட்களான எங்களுக்குப் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். கொஞ்ச நேரத்திலேயே இவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அப்புறம் கூடவே பாடினார், கன்னடத்தில், அந்தக் கட்டைக் குரலில். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவருக்கு உறைக்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது மனசு.

மடியில் போன் இருந்தது. அடிக்கக் கூடாது என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் போனதும், அடித்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அடிப்பாவி, இதுவும் ஒரு தாய் மனசா என்று என்னையே வைதுகொண்டேன். போன் அடிக்கவில்லை. என் வலது கை விரல்கள் பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் மடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. இவர் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தாமலே அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுங்க. அப்பறம் ஒரு உருண்டை வாங்கினான். அதுக்கப்பறம் அவனே வாயத் தொறந்தானுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இனி பயமில்ல புள்ள" என்றார்.

இத்தனை வருடமாக நான் சாமியிடம் கேட்டது இன்னொரு கைதான். கொடுத்துவிட்டது. பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயோரம் களி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தாள்.

காலையிலும் நானே ஊட்டிப் பார்க்கட்டுமா என்று நாத்தனார் கேட்டாள்.

"ஊட்டு" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. கையைத்தான் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.