பின்வேலிப் பொட்டால் ஒரு கந்தோர்

ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சுதாஜினி என்னும் முப்பத்தாறு வயதுப் பெண் எழுத்து வேலை செய்கிறாள் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். மற்றது மாங்குளத்து லொறிக் கராச்சில் வேலை செய்யும் அவள் கணவன் செந்தூரன். அவனுக்கும் இடைக்கிடை சந்தேகம் வரும். மற்ற எல்லோருக்கும் அவள் 'வீட்டில சும்மா நிக்கிற பிள்ளை'.

சும்மா நிற்கிற பிள்ளை ஒழுங்கையின் பொதுச் சொத்து. யானை மிதித்த தென்னம்பிள்ளைக்கு நட்டஈடு கேட்டு எழுத வேண்டும், சுதாஜினி. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு நினைவுப் புத்தகத்துக்கு நாலு வரி வேண்டும், சுதாஜினி. அடுப்பில் பால் இருக்கிறது, கடைக்குப் போய்வரும் வரை பார்க்க ஆள் வேண்டும், அதற்கும் சுதாஜினி. கணினிக்கு முன்னால் வீட்டு உடுப்பான சோட்டியோடு இருக்கும் பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று வன்னிப் பெருநிலத்தில் யாரும் நம்பியதாக வரலாறு இல்லை.

இப்படியாக, கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு அவள் எழுதிய இரண்டு கட்டுரைகள் பிந்திப் போயின. மூன்றாவது, ஒரு மெத்தையைப் பற்றி எண்ணூறு சொல். படுத்தவுடன் உலகத்தை மறக்கச் செய்யும் மெத்தை. அங்கே பொறுப்பாக இருக்கும் யதுர்ஷிகா குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்தா மாசா மாசம் உங்களுக்குத்தான் வேலை. நாலு அஞ்சுக்கு வந்தா வேற ஆளைப் பாப்பம் எண்டு மேல சொல்லிப்போட்டினம்."

வியாழன் இரவு சுதாஜினி புரண்டு புரண்டு படுத்தாள். விடியும்போது வழி தெரிந்தது. இந்த ஊரில் சேலை உடுத்திப் படலை தாண்டுகிறவள்தான் வேலை செய்கிறவள். ஆகவே அவள் வேலைக்குப் போவாள்.

எட்டு மணிக்குக் கஞ்சி போட்ட சேலை, ஊசி குத்திய மடிப்பு, தோளில் கைப்பை. படலையைச் சங்கிலியால் பூட்டினாள். ஒழுங்கை முழுக்கப் பார்க்கும்படி நடந்து, வாய்க்கால் வரம்பால் சுற்றி, பின்வேலியில் ஆள் நுழையும் அளவிலான பொட்டால் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

"வீட்டுக்கு வாறதுக்கே வீட்டை விட்டுப் போறாய்?" என்று செந்தூரன் தொலைபேசியில் கேட்டான்.

"ஓம். இது இப்ப நான் வேலை செய்யிற கந்தோர். சும்மா சும்மா எடுக்காதேங்கோ."

யாரும் கூப்பிடவில்லை. அந்த அமைதிதான் அவளைப் பிடித்து ஆட்டியது. கூப்பிடாமல் இருக்கிறார்களே, யாருக்கும் ஏதுமோ? எழுந்து யன்னல் நீக்கலால் பார்த்தாள். இருந்தாள். தேத்தண்ணி வைத்தாள். இருந்தாள். மறுபடி யன்னல். நூறு சொல் எழுதி எண்பதை அழித்தாள். மூன்று மணி நன்றாகத் தாண்டி, இன்னொரு தேத்தண்ணியோடு இருந்தபோதுதான் விரல்கள் ஓடத் தொடங்கின.

அப்போது பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் மாமி வந்தார். பூட்டிய வீட்டின் முருங்கையில் இலை ஒடிப்பதற்குக் கேட்கத் தேவையில்லை என்பது மாமியின் கொள்கை. கொப்பை வளைத்தவர் உள்ளேயிருந்து டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டார். கொப்பை விட்டார்.

"ஐயோ! சுதாஜினி வேலைக்குப் போயிட்டாள், வீட்டுக்குள்ள கள்ளன்!"

பத்து நிமிடத்தில் படலையில் ஒழுங்கையே நின்றது. நடுவில் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அப்புத்துரை, கையில் யானை விரட்டும் வெடியோடு.

"டேய்! அலுமாரியை உடைக்கிறாய் என்ன? வெளிய வா!"

"தலைவர், பின்பக்கத்தாலயும் ஆக்களை விடுவம்," என்றது ஒரு குரல்.

"பின்பக்கம் வேண்டாம். அவனுக்கும் ஓட ஒரு வழி வேணும்."

இந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உள்ளே சுதாஜினி வியர்த்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து குரல் கொடுத்தால் கந்தோர் செத்துவிடும், பேசாமல் இருந்தால் தானே சாகலாம். மூன்று ஐம்பத்திரண்டு. கட்டுரையை மின்னஞ்சலோடு இணைக்க நேரமில்லை என்று அப்படியே மின்னஞ்சலிலேயே எழுதினாள். கடைசிப் பந்தி. 'நாள் முழுக்க ஓடிக் களைத்த உடம்பு இந்த மெத்தையில் சாய்ந்ததும் மெல்ல, மெல்ல...'

வெடி வெடித்தது.

கதிரையோடு துள்ளினாள். விரல் அனுப்பும் பொத்தானில் விழுந்தது. கட்டுரை, தலையும் உடம்பும் இருக்கக் கால் இல்லாமல், கொழும்புக்குப் போய்விட்டது.

அழுவதற்குக்கூட நேரமில்லை. கைப்பையை எடுத்துப் பொட்டால் வெளியேறி, வரம்பால் ஓடி, ஒழுங்கை முனையில் நடையைச் சீராக்கி, கந்தோர் விட்டு வரும் முகத்தோடு வந்தாள்.

"என்ன மாமி இவ்வளவு சனம்?"

"பிள்ளை, நல்ல காலம் வந்திட்டாய்!"

படலை திறந்தது. அப்புத்துரை சுதாஜினியை முன்னால் விட்டு, பின்னால் நின்று தலைமை தாங்கிப் போனார். மேசையில் கோப்பை இருந்தது. தொட்டுப் பார்த்தார். மணந்தார்.

"சூடு ஆறேல்ல. பாவி, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிருக்கிறான்!"

"ஒண்டும் களவு போகேல்லயோ பிள்ளை?" என்று கேட்டார் மாமி.

"சொல்லப்போனா... கடைசிப் பந்தி ஒண்டு போயிட்டுது," என்றாள் சுதாஜினி, அரைக் குரலில்.

"பந்தியோ? கடையில வேற வேண்டலாம். பாத்திரம் பண்டம் இருக்கோ எண்டு பார்."

ஆட்கள் கலைந்தபின் தொலைபேசி முனகியது. யதுர்ஷிகா. சுதாஜினி நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, நேரத்துக்கு வந்திட்டுது! அந்த முடிவு இருக்கே, 'மெல்ல, மெல்ல' எண்டு விட்டது, எழுதினவவே நித்திரையாப் போனமாதிரி! எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. இனி மாசா மாசம் நீங்கள்தான். அடுத்தது முதுகுவலித் தலையணை, திங்கள் பின்னேரம்."

திங்கள் காலை அவள் சேலை உடுத்து, கள்ளனுக்குப் பயந்தவள் போல மடிக்கணினியையும் கைப்பையில் போட்டு, படலை பூட்டி, வரம்பால் சுற்றிப் பின்வேலிக்கு வந்தாள். பொட்டுக்கு நேரே குசினிக் கதிரையொன்றைப் போட்டு அன்னபாக்கியம் மாமி இருந்தார், மடியில் முருங்கையிலையோடு.

"என்ன பிள்ளை இந்தப் பக்கம்? வேலைக்குப் போகேல்லயோ? ஒண்டுக்கும் யோசியாத. சங்கம் முறை போட்டிருக்கு. ஆறு மணி வரைக்கும் ஒரு எலியும் உள்ள போகாது."

சுதாஜினி கைப்பையைத் தோளில் ஏற்றினாள். பிறகு திரும்பி பிரதான வீதிக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, பின்னாசனத்தில் மடியில் கணினியை விரித்தாள். பஸ் குழியில் விழுந்து எழும்பியது. முதுகுவலியைப் பற்றி முதல் வரி தானாக வந்தது.

"எவ்விடம் இறங்குறீங்கள் அக்கா?" என்றார் கொண்டக்டர்.

"ஐந்நூறு சொல் தாண்ட," என்றாள் அவள், தலை நிமிராமல்.