கொசு பிடிக்கும் உத்தியோகம்

பொறாமைக்கு வயது வரம்பு இல்லைதான். இருந்தாலும் நான் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கிவிட்டேன். எனக்குப் பதினொன்று, தங்கைக்கு எட்டு. அவளுக்கு மாமாவிடம் ஓர் உத்தியோகம் இருந்தது. எனக்கு இல்லை.

மாமா வாரத்தில் ஆறு நாள் கோப்பெங் பக்கம் குளத்தில் மிதந்தபடி ஈயம் தோண்டும் கப்பலில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தார். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய கண்ணாடி வால்வுகள், வாசிப்பவர் கேட்ட அளவில் பெட்டி, கேட்ட நிறத்தில் துணி. கல்யாணங்களில் வாசிக்கும் இசைக்குழுக்காரர்கள் சித்தியவானிலிருந்துகூட வருவார்கள்.

சில வால்வுகள் உள்ளே நடுங்கி, மெல்லிசாகக் கீச்சிடும். அதற்கு மாமா வைத்த பெயர் கொசு. சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு, மீ நூடுல்ஸ் சாப்பிடும் குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். தங்கை கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

“கொசு இருக்கா, சின்னக்குட்டி?”

“இருக்கு மாமா. மூணாவதுல.”

மூன்றாவது வெளியே வரும், வேறொன்று உள்ளே போகும். “சுத்தம்” என்று அவள் சொன்ன பிறகுதான் முதுகுப் பலகையை மாமா திருகி மூடுவார். வாங்க வந்தவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். தவறான வால்வைச் சொல்லி, வாங்கியவர் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் மாமா ஒரு குட்டு வைப்பார். அதுவும் அவளுக்கு மட்டும்தான்.

அந்தக் கொசு எனக்கும் கேட்டது. அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு நாய்க்கும் கேட்டு, அது ஊளையிட்டது. இதற்கு எதற்கு ஒரு நிபுணர் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒரு ஞாயிறு தங்கைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. நான் சாமிக்கு நன்றி சொன்னதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று தெலுக் இந்தானிலிருந்து ஒரு கிட்டார்காரர், கூடவே டிரம் அடிக்கும் நண்பருடன் வந்திருந்தார். “இது சரியா இருந்தா இன்னும் மூணு செய்யணும் அண்ணே,” என்றார். மாமா கையைத் துடைத்துக்கொண்டார். தங்கை படுத்திருந்த அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“பெரியவளே, இங்க வா. கொசு இருக்கான்னு கேளு.”

இருந்தது. காதில் ஊசி ஏற்றியது. ஆனால் விருந்தாளி முன்னால் குழம்பில் உப்பில்லை என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமாவுக்குத்தான் கேட்குமே, அவர்கள் போன பிறகு மாற்றிக்கொள்வார். தவிர, தங்கைக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது ‘சுத்தம்’ என்ற அந்த ஒரு சொல்தான். அவளைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றேன்.

“சுத்தம் மாமா.”

மாமா பலகையைத் திருகி மூடினார். கிட்டார்காரர் கம்பியைச் சொருகி இரண்டு தடவை மீட்டிவிட்டு நிறுத்தினார். பெட்டி நிறுத்தவில்லை, கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மாமா பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்த முகமாக நின்றார்.

“என்னண்ணே, இது கேக்கலையா?”

“எது?”

நண்பர் கிட்டார்காரரின் கையைப் பிடித்து இழுத்தார். “விடுலா மச்சான். அவருக்குக் காது போச்சு. கப்பல் இரைச்சல்ல வேலை செய்றவங்க பாதிப்பேருக்கு இப்படித்தான்.”

வியாபாரம் படியாத எரிச்சலில் ஏசுகிறார் என்று நினைத்தேன். கிட்டார்காரர், “அடுத்த வாரம் வாரேன் அண்ணே,” என்று பெட்டியைத் தொடாமல் போனார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அன்று அவர்கள் போனதும் மாமா பலகையைக் கழற்றினார்.

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“உங்களுக்குத்தான் கேக்குமே மாமா.”

மாமா சத்தத்தை மறுபடி முழுக்கத் திருகினார். குச்சியை எடுத்து வால்வுகளைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். நான்காவதில் தலையாட்டினேன். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் குட்டு விழவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அழுதேன்: தங்கை தப்புச் சொன்னால் குட்டுகிறார், நான் சொன்னால் குட்டக்கூட மாட்டேன் என்கிறார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல், பின்கட்டுக்குப் போய்த் தன் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கும் எனக்கென்று யாரும் இல்லை என்றே நினைத்தேன்.