குழுவை விட்டு எழுந்து வந்தேன்

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் வயதில் பெரியவன் ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து போய்விட்டால் பேச்சு அதோடு நிற்கும். யாராவது அவன் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அதுவரை முடிவு கிடையாது. மீன் ஏலத்தை எங்கே போடுவது என்ற கூட்டத்தில் என் அப்பா அப்படி எழுந்து வந்து, மத்திக் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அவர் கண் விழிக்கும்வரை மொத்தக் குப்பமும் வெயிலில் காய்ந்தது.

இதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

நாங்கள் கொண்டாடும் பாடகர் ஒருவர் செத்து வெகுகாலம் ஆகிறது. ராயபுரத்தில் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில்தான் அவர் குரலை முதலில் கேட்டேன். அவர் ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. காலையில் யாராவது ஒரு பாட்டைப் போடுவார்கள். நாங்கள் வாயாலேயே பேசி அனுப்புவோம். எனக்குப் படிப்பு இல்லை. எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் மற்றவர்கள் பத்து வரி ஓடியிருப்பார்கள். பேசினால் மட்டும் என்னை யாரும் முந்த முடியாது.

அந்தக் குழுவின் அட்மின் காலடிப்பேட்டைக்காரன். ஆபீஸ் வேலையில் ரிட்டையர் ஆனவன். இருந்தாற்போல் ஒருநாள் வேறு ஆப்புக்கு எல்லாரும் மாற வேண்டும் என்றான்.

"அங்க வாய்ஸ் கெடயாது, டைப்புதான். படத்துக்கு ஒரு ரூம், பாட்டுக்கு ஒரு ரூம். தேடுனா டக்குனு கெடைக்கும்."

"ரூம் போட இது இன்னா லாட்ஜா? எய்தத் தெரியாதவன் எங்க போவான்?" என்று நான் பேசி அனுப்பினேன்.

"கத்துக்கோ நைனா. இத்தினி வருசமா இன்னா பண்ணிகினு இருந்த?"

"கடல்ல இருந்தேன்டா. நீ துன்ன மீன யாரு புட்ச்சாந்தது?"

கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாகப் போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு என்று அவன் அறிவித்தான். அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினேன். வீட்டுக்குக் கூப்பிட வருவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வியாசர்பாடியில் இருக்கும் தோஸ்து போன் செய்தான். "சரியா செஞ்ச மாமு. நம்ம பெருசுங்கல்லாம் உன் பின்னாலயே எய்ந்துட்டோம்." எங்களை யாராவது கூப்பிட வருவார்கள் என்று அவனும் நம்பினான்.

ஞாயிறு போயிற்று. யாரும் வரவில்லை. அடுத்த வாரம் மீன் மார்க்கெட்டில் அட்மினைப் பார்த்தேன். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எய்ந்து போனவன வந்து கூப்டாம எப்படிடா ஓட்டு எடுத்த?"

"யாரு எய்ந்து போனது? நீ 'லெஃப்ட்'னு கீழ சின்னதா ஒரு வரி வந்துது, அதான்" என்று சிரித்தான். "வேணாம்னு சொல்ற ஆளுங்க எல்லாம் நீங்களே பூட்டீங்க. எதிர்ல ஒர்த்தன் இல்ல. போனக் குடு, இப்பவே புதுசுல சேத்து வுட்றேன்."

"மீன் வாங்க வந்த எடத்துல கூப்புட்றியா? வூட்டுக்கு வா. கையப் புட்ச்சி கூப்டு."

"அட போ நைனா, பேஜார் பண்ணாத. எனக்கு வேற வேல கீது."

மீனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இங்கே சொல்ல முடியாது.

இப்போது காலையில் போனைத் திறந்தால் சத்தமே இல்லை. அந்தப் பாட்டுகளைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ வைத்திருக்கிறேன். கேட்க ஆளில்லை. திருவொற்றியூரில் என் வீடு எங்கே என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் வரவில்லை. வந்தால் டீ கொடுப்பேன். கையைப் பிடித்துக் கூப்பிடட்டும். போக மாட்டேன்.