ஐம்பது டன் எலுமிச்சம்பழம்

செஞ்சியில் ராஜகிரி உச்சிவரை ஏறினாலும் கடல் தெரியாது. அந்த ஊரில் பிறந்த என் அத்தை, கடலில் மிதக்கும் மேடை கட்டுகிற படிப்புக்குச் சென்னை போனாள். நைனாவுக்குத் தங்கை மேல் உயிர். வாயில் வருவது மட்டும் கிண்டல். "மலையாண்ட பொறந்தவளுக்குக் கடல்ல இன்னா வேல?" என்பார்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கையில், விடுமுறைக்கு வந்த அத்தை தன் மேடையையே தூக்கி வந்தாள். காற்றாலையைத் தாங்கும் மேடை. அசலில் நூறில் ஒரு பங்கு. நடுவில் ஒன்று, சுற்றி மூன்று என்று தடித்த குழாய்க் கால்கள், பாரத்துக்கு உள்ளே மணல். நடுக்காலின் மேல் கம்பம், அதன் உச்சியில் சின்ன டப்பா. திங்கட்கிழமை கல்லூரி அலைத்தொட்டியில், வாத்தியார்கள் முன்னால் அது கவிழாமல் நிற்க வேண்டும். கவிழ்ந்தால் ஒரு வருட உழைப்பு போச்சு.

எங்கள் பம்ப்செட் தொட்டியில் சனிக்கிழமை அழகாக நின்றது. ஞாயிறு காலை, தெருவே வேடிக்கை பார்க்க, வைத்ததும் தள்ளாடிக் குப்புற விழுந்தது. அத்தைக்கு முகம் செத்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, டப்பாவைத் திறந்தாள். உள்ளே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

நைனா தலையைச் சொறிந்தார். "அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன்ல, அம்மன் கால்ல வச்சது. கண்ணு படக் கூடாதுன்னு..."

"அண்ணா, நீளம் நூறு மடங்குன்னா எடை பத்து லட்சம் மடங்கு ஏறும். கடல்ல இது அம்பது டன்! உச்சியில அஞ்சு லாரி செங்கல ஏத்தி வச்சிருக்க!"

அம்மன் பழத்தை எறிய நைனாவுக்கு மனமில்லை. அத்தையே வழி கண்டாள். நடுக்காலில் கொஞ்சம் மணலை எடுத்துவிட்டு, பழத்தை அடியில் போட்டு மூடினாள். "மேல இருந்தாதான் கவுக்கும். கீழ இருந்தா தாங்கும்."

நைனா வேட்டியை மடித்துக் கட்டித் தொட்டிக்குள் இறங்கி, பலகையால் அலையடித்தார். மேடை ஆடியது, குலுங்கியது, நிமிர்ந்துகொண்டது. மறுநாள் வாத்தியார்கள் முன்னாலும் அப்படியே நின்றதாம்.

அந்த மாதம் முழுக்க நைனா டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "ஒத்த கையால அம்பது டன் தூக்கி வச்சவன் நானு" என்றார். எப்படி என்று அவர்கள் கேட்டே தீர வேண்டும். கேட்டதும் அத்தையின் படிப்பில் ஆரம்பிப்பார். பக்கத்தில் நின்ற எனக்கோ வெட்கமாக இருக்கும். நைனா தன்னைத்தானே பீற்றிக்கொள்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.