அத்தைக்குக் கிடைத்த ஆயுள் பதவி

என் மாமா அமெரிக்க அரசியலமைப்பில் இரண்டு முறை தோற்றவர். அங்கே போய்த் தேர்தலில் நின்றார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிதம்பரத்தில் அஞ்சல் வழியில் எம்.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தார். மற்ற தாள்களெல்லாம் தேறிவிட்டன, அந்த ஒரு தாள் மட்டும் அரியர் விழுந்து அவரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி அவர். பண்ருட்டியில் வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு கடலூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பண்ருட்டிப் பக்கம் அவர் ஒருநாளும் போய் நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கைடைக் கையில் வைத்துக்கொண்டு மாமா சரியாக ஒப்பிக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. ஒரு ராஜாவிடம் பட்ட பாடு போதும் என்று அந்த ஊர்க்காரர்கள் கோடை வெயிலில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசினார்களாம். சட்டம் போடுவது ஒருவர், நடத்துவது ஒருவர், தீர்ப்புச் சொல்வது ஒருவர், மூன்றும் ஒரே கையில் போய்ச் சேரக் கூடாது என்று முடிவுசெய்தார்களாம். இதுவரை மாமா கடகடவென்று சொல்வார். யார் யாரை எப்படித் தடுக்கலாம் என்ற இடம் வந்ததும் விட்டத்தைப் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் அந்த மூன்றும் ஒரே கையில்தான் இருந்தன. அது அத்தையின் கை. அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருந்தார். பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட, அப்பாவை வளர்த்து ஆளாக்கி, பஸ் கண்டக்டர் வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தவர். கொத்சுக்குக் கத்தரிக்காயைச் சுடுவதா வேகவைப்பதா என்பதுகூட அவரைக் கேட்டுத்தான். பஸ்ஸில் அத்தனை ஜனத்தையும் அதட்டி உள்ளே தள்ளும் அப்பா, அத்தைக்கு எதிரே உட்காரவே யோசிப்பார்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். சிதம்பரத்தில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடியற்காலையிலேயே வயலில் இறங்க வேண்டிய படிப்பு என்பதால் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். கடிதத்தைப் பார்த்துவிட்டு அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"வயசுப் பொண்ண ஹாஸ்டல்ல வுட்டுட்டு நாம இங்க நிம்மதியா தூங்க முடியுமா தம்பி? உள்ளூர்ல இல்லாத காலேஜா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கடிதத்தை நாலாக மடித்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். சேர வேண்டிய தேதிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பின்னல் போடும்போதுகூட அவள் பேசவில்லை.

அடுத்த வாரம் மாமாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கண்ணால் பார்த்தால்தான் பாடம் மண்டையில் ஏறும், பரீட்சை வரைக்கும் நம் வீட்டை அந்த முறையில் நடத்திப் பார்ப்போம் என்றார். மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினார். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் சட்டசபை. அப்பா ஜனாதிபதி. நாங்கள் போடும் சட்டத்தை அவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். மூன்றில் இரண்டு பங்குக் கை தூக்கினால் அவர் வேண்டாமென்றாலும் அது சட்டம். மாமாவுக்குப் பதவி கிடையாது, எழுதிக்கொடுத்தவனுக்கு ஆசை கூடாதாம். அந்த ஊரில் எழுதிக்கொடுத்தவர்களே பிறகு ஜனாதிபதியானதாக கைடில் இருக்கிறதே என்றேன். அது பரீட்சைக்கு வராது என்றார்.

அத்தைக்கு நீதிபதி பதவி. வீட்டில் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மாமா.

"ஆயுசுக்கும் பதவி அண்ணி. ஜனாதிபதியே வந்தாலும் உங்கள எறக்க முடியாது."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை வாங்கித் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அப்பாவே ஆணியடித்து அந்தத் தாளை மாட்டினார்.

முதல் சட்டம் அம்மாவுடையது. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். அப்பா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாளே மாமா மாட்டிக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கிறவன் என்று வாதாடப் பார்த்தார். தன் வழக்கில் தானே வாய் திறக்கக் கூடாது என்று அத்தை அடக்கிவிட்டு, ஒரு வாரத்துக்கு எல்லோர் தட்டையும் கழுவ வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை டிவி கூடாது என்று அம்மா போட்ட சட்டத்தை அப்பா திருப்பி அனுப்பினார். நாங்கள் மூன்று பேரும் கை தூக்கினோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். தினமும் சாயங்காலம் நாற்காலிக்கு வந்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா வேலை முடிந்து வந்து பையைக் கழற்றும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா சிதம்பரம் போனால் யார் பஸ்ஸில் போவாள் என்று கேட்டேன். என் பஸ்லதான் என்றார்.

"அப்ப உங்க பஸ்லயே சாயங்காலம் வந்துடுவாளா?"

அப்பா காக்கிச் சட்டையின் பித்தானைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். பிறகு, "பஸ்ஸு தெனம் திரும்பி வரும்டா கண்ணு" என்றார்.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடியது. தட்டுச் சட்டத்தைச் சொன்ன அதே குரலில் அம்மா சொன்னாள்: "பெரியவ சிதம்பரம் காலேஜுல சேரணும்." அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அத்தை நிமிர்ந்தார். அப்பா சட்டென்று எனக்குச் சம்மதமில்லை என்று திருப்பி அனுப்பினார். தம்பி தன் பக்கம் என்பதில் அத்தைக்கு நிம்மதி. இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிப் பார்த்தார். தாளில் எழுதியதற்கு விரோதமாக இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்றார் மாமா. அத்தை என்னை அந்தத் தாளை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஹாஸ்டலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"சரி, அவ காரியத்துக்கு அவளே கை தூக்கக் கூடாது" என்றார் அத்தை.

மாமா பணிவாகத் தலையாட்டினார். அக்காவின் ஓட்டுப் போயிற்று. இனி அம்மாவும் நானும் இருவரும் கை தூக்கினால்தான் இரண்டு பங்கு. அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறவள் நான், தெருவுக்கே தெரியும். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா கை தூக்கினாள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை தாளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தபடியே, "நானே போட்ட கையெழுத்து, நானே மீறுனா நல்லாவா இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் ஒரு டப்பா பருப்புப் பொடியுடன் வந்தார். தீர்ப்பு வேற, பொடி வேற என்றார்.

அக்கா அப்பாவின் பஸ்ஸில் போனாள். சாயங்காலம் மாமாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். எல்லோரும் இறங்கி, கடைசியில் அப்பா மட்டும் இறங்கினார். உள்ளே ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு வந்து அழுதேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். அடுத்த நாள் அத்தையிடம் போய்ச் சட்டத்தை ரத்து செய்யச் சொன்னேன்.

"நான் தீர்ப்புதாண்டி சொல்ல முடியும், சட்டம் போட முடியாதே" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டு அவரும் அழுதார். அவ்வளவு பெரிய பதவியை வைத்துக்கொண்டு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா அந்த முறை தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார்.

அக்கா இப்போது வடலூர்ப் பக்கம் வேளாண்மை அதிகாரி. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த கைடு கிடைத்தது. யார் யாரைத் தடுக்கலாம் என்ற பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. பாக்கிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவது கண்டக்டர்கள் வழக்கம். அப்பாவோ எல்லாவற்றையுமே அதில்தான் எழுதுவார். அதிகாலை வேலைக்குப் போகும்போது மாமா எழுந்திருக்க மாட்டார் என்பதால், சொல்ல வேண்டியதை எழுதி அவர் புத்தகத்தில் செருகிவிட்டுப் போவார். அதில் பொடி எழுத்தில் இருந்தது இதுதான்:

"பெரியவளுக்கு ஓட்டு இல்லன்னு எங்க அக்கா சொல்லும். விட்டுடு. நான் வேணாம்னுதான் சொல்லுவேன். சின்னவ கை தூக்குவா. சாயங்காலமே பெரியவ திரும்பி வந்துடுவான்னு நெனச்சிருக்கா. நானும் இல்லன்னு மாத்திச் சொல்லல."

அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மைல் இருக்கும். எட்டு வயதுப் பெண்ணை, காலை நாலு மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர், மாமா வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டியும் கொடுக்காமல், ஓரிடத்திலும் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நானே நடக்கிறேன்பா என்று நான் இரண்டு முறை சொன்னேன்.