ஷீபாவின் பென்சில்

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஷீபா முதலில் புரொஜெக்டரை அணைக்கச் சொல்லுவாள். "லைட்ட போடுங்க சார், மூஞ்சியே தெரியல." மேலாளர் பாவம், நாற்பது ஸ்லைடு தயாரித்து வைத்திருப்பார். இரண்டாவது ஸ்லைடிலேயே இவள் எழுந்து இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

பெரிய நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக்குத் தயாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. சம்பளம் சென்னையிலிருந்து வருகிறது, அவள் இருப்பது உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். அவள் அப்பா ஐசக்கும் என் அப்பாவும் ஒரே நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பத்தாம் வகுப்பில் நான் முதல், அவள் இரண்டாவது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன். என் மனைவி கல்பனாவோ, "ஷீபா இன்னிக்கு எந்த ஊருக்குப் போயிருக்காங்களாம்?" என்று சோறு போடும்போதுதான் கேட்பாள். எனக்கு வயிறு எரியும்.

அவள் பேச்சும் எனக்கு எரிச்சல்தான். இயக்குநர்களிடம் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டிவிட்டு, அடுத்த நிமிடமே மெஷின் ஓட்டுபவரிடம், "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்பாள். ஊர்ப்பேச்சை வாயிலிருந்து கழுவ எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அவள் கழுவவே இல்லை, ஆனாலும் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

மதிப்பெண்ணை ஐந்துக்கு இத்தனை என்று முதலில் பென்சிலில்தான் போடுவாள். டீ குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம்தான் பேனா. கேட்டால், "நாலு பேரு பொளப்பு கீதுல்ல இதுல" என்பாள்.

போன மாதம் நான் இயந்திரப் பராமரிப்பு பார்க்கும் எங்கள் கம்பெனிக்கே வந்தாள். ஒரகடம் பக்கம், கார் உதிரிபாகம் செய்கிற நாலாயிரம் பேர் கம்பெனி. இயந்திரம் பழுதாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் செயற்கை நுண்ணறிவை வாங்கப் போகிறார்கள். வாங்கினால் அந்தப் புதுப் பிரிவுக்கு நான்தான் தலைவன். ஷீபா தன் மதிப்பெண் தாளின் எந்தக் கட்டத்திலாவது இரண்டுக்குக் கீழே போட்டால் எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மேலாளர் தினகரன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கலைச்செல்வன், அந்த நோட்டுங்கள மட்டும் வெளிய எடுக்காதீங்க."

இயந்திரம் நின்றால், காரணத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு நீளமான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் யார் தேடுவார்கள்? முதலில் இருப்பது 'மின்தடை'. எல்லாரும் அதையே தட்டிவிடுவார்கள். உண்மைக் காரணம் என் மேஜை இழுப்பறையில், பதினோரு வருஷமாக நான் எழுதிவரும் மூன்று நோட்டுகளில் இருந்தது.

ஷீபா டப்பாவில் உட்கார்ந்து, மெஷின் ஓட்டும் செல்லாயியிடம் கேட்டாள்: "மிஷினு நின்னுச்சின்னா மொதல்ல யாரக் கூப்புடுவ?"

"கலைச்செல்வன் சாரத்தான். கம்ப்யூட்டர்ல இன்னா கீதுன்னு யாரு கண்டா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஷீபா அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்த பதிவுகளைப் புரட்டினாள்.

"இன்னா கலை, ரெண்டு வருசத்துல அறநூறு தபா கரண்டு போயிருக்கு. அப்பறம் ஜெனரேட்டர இன்னாத்துக்கு வச்சிக்கினு கீறீங்க?"

கூடமே சிரித்தது. எனக்கு அடுத்து வந்தவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது ஒன்றுதான் என் தலையில் ஏறியது. விறுவிறுவென்று போய் இழுப்பறையைத் திறந்து, மூன்று நோட்டுகளையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சிக்கினியா? அல்லாம் இதுல கீது."

இருபது வருஷம் கழுவிய வாய். தினகரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள். 'பேரிங்கில் சத்தம், நிற்பதற்கு மூன்று நாள் முன்பே கேட்டது' என்ற வரியில் விரல் நின்றது.

"இத ஏன் கம்ப்யூட்டர்ல ஏத்தல?"

"நேரமில்ல" என்றேன். நேரம் இருந்தது. ஏற்றிவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்? அவள் நோட்டை மூடினாள்.

டீ வந்தது. அவள் அதைத் தொடவில்லை. பேனாவைத் திறந்து, தகவல் என்ற கட்டத்தில் நேராக ஒன்று என்று போட்டாள். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் நோட்டுகளின் மேல் வைத்து, மூன்றையும் சேர்த்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்: "ஒரு வருசம் கீதுல்ல, அல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திடு."