படம் இல்லாத பக்கம்

எங்கள் வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் ஆங்கிலமும் இந்தியுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பேச மட்டும் வரும், அதுவும் காய்கறிக்காரரோடு. மாரெட்பள்ளி என்ற பேட்டையில் தெலுங்குப் பாடத்தோடு மூன்றாம் வகுப்புப் படித்த எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கடைப் பலகை, பஸ் பலகை எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே உரக்க வாசிப்பேன்.

அந்த வருஷம் சித்தி எங்களோடு வந்து தங்கினாள். சித்தப்பாவுக்கு ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. கல்யாணமான ஆறாம் மாதமே ஆன்சைட் என்று அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திக்கு அப்போது மூன்று மாதம். பாப்பா வரப்போகிறது என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

மாடியில் குடியிருந்த யோகா டீச்சர், மகனோடு இருக்க விஜயவாடா போகுமுன் சித்திக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். தன் கையாலேயே தெலுங்கில் எழுதியது. எந்த வயதுக்கு எந்தப் பயிற்சி என்று பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தார். குழந்தைகளுக்குத் தவளையும் சிங்கமும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுப் பயிற்சி. நாற்பத்திரண்டு வயது அப்பா தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த நாற்காலிப் பக்கத்தைத்தான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மாதத்துக்கு ஒரு பக்கம், எல்லாவற்றிலும் குச்சிக் கை, குச்சிக் கால் பொம்மைகள்.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் அதை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், சித்தி செய்வாள். என் தமிழோ தெலுங்கும் தெரு இந்தியும் கலந்த கிச்சடி.

"சித்தி, லெஃப்ட் சைடு படுத்துக்கோ. தலகாணி காலுக்கு நடுவுல. குனியறது நக்கோ, வேணாம்."

"நக்கோவாம்! உன்னை எங்க ஊர்ல கட்டிக்கொடுத்தா என்னடி பண்ணுவே?" என்று சித்தி சிரிப்பாள்.

நாலாம் மாதக் கடைசியில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுவலி என்றார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தவள் ஒரு வாரம் படுக்கையைவிட்டு எழவில்லை. பிறகு ஒரு விடிகாலை என்னைத் தொட்டு எழுப்பினாள். கை ஜில்லென்று இருந்தது.

"அஞ்சாம் மாசம் ஆரம்பிச்சுடுச்சு. வந்து வாசி."

நோட்டைத் திறந்தேன். நாலாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெறும் எழுத்தாக இருந்தது.

"இதுல பொம்மையே இல்ல சித்தி."

"அப்ப அடுத்த பக்கம் போ."

வேலை மிச்சம் என்று புரட்டினேன்.

அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பிறகு சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அவ கேட்டா வாசிச்சுடு. வேற எதுவும் கேக்காதே," என்றாள்.

ஆறாம் மாதம் வந்தது, ஏழாம் மாதம் வந்தது. பக்கத்திலிருந்த பொம்மைக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது, சித்தியின் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. ஆனால் அவள் இடுப்பில் கைவைத்துச் சாய்ந்துதான் நடந்தாள். காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி ரீங்கரிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. அவள் ரீங்கரித்துவிட்டு நிறுத்துவாள், பதிலுக்குக் காத்திருப்பவள்போல் தலையைச் சாய்ப்பாள். அந்த இடைவெளியிலும் சத்தம் நிற்காமல் மெல்லியதாக இழைந்துகொண்டிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டது. பாயின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

எட்டாம் மாதத்தில் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"உதைக்குதா?"

தட்டையான வயிறு. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. எனக்குப் பயத்தில் அழுகை முட்டியது. இல்லை என்றால் சித்தி என்ன ஆவாளோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

"ஹவ், ஆமா சித்தி, உதைக்குது," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்று என் தலையைத் தடவினாள்.

ஒன்பதாம் மாதப் பக்கம் முடிந்த வாரம் சித்தப்பா பெட்டி நிறைய சாக்லேட்டோடு வந்து இறங்கினார். அவரும் அம்மாவும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். மறுநாளே சித்தியைத் தனக்கு வேலை மாற்றலாகியிருந்த பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆட்டோவில் ஏறும்போது நோட்டை என் கையில் திணித்து, "பத்திரமா வெச்சுக்க," என்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும், "பாப்பாவை எங்கேம்மா ஒளிச்சு எடுத்துட்டுப் போறாங்க?" என்று கேட்டேன். அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அவளே அழுதாள். நான் ஒரு வருஷம் சித்தியோடு போனில்கூடப் பேசவில்லை. அத்தனை நாள் வாசித்துச் சொன்ன எனக்குப் பாப்பாவை ஒரு தடவை காட்டக்கூடாதா என்று கோபம்.

போன வருஷம் நான் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பரண் பெட்டியில் அந்த நோட்டு அகப்பட்டது. படம் இல்லாத பக்கத்தை அன்றுதான் முதல்முறையாக வாசித்தேன். 'நடுவில் கலைந்துவிட்டால்' என்று தலைப்பு. கீழே டீச்சரின் குண்டு எழுத்தில்: எந்த மாதமானாலும் இங்கேயே நிறுத்திவிடு அம்மா. படுத்துக்கொள். அழுகை வந்தால் மூச்சை அடக்காதே, அழு. அடுத்த பக்கத்துக்கு மட்டும் போகாதே.

ஐந்து மாதம், விடிகாலைதோறும், நான்தான் பக்கம் புரட்டினேன். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.